செவலையன் வாய் மூடிய கதை

குளத்தங்கரைப் புதருக்குள் செவலையன் என்ற கௌதாரியும் அவன் பெண்டாட்டி புள்ளியும் குடியிருந்தார்கள். புள்ளி இட்ட ஆறு முட்டையில் ஐந்தைப் பாம்பு தின்றுவிட்டது. மிஞ்சிய ஒன்றில் பிறந்தவள்தான் தினை. ஒற்றைப் பிள்ளை என்றால் கேட்க வேண்டுமா? அவள் ஒரு கறையானைக் கொத்தி விழுங்கினாலே பெற்றவர்கள் இருவருக்கும் வயிறு நிறைந்துவிடும்.

அதே குளத்தங்கரையில், வாகை மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. நடத்தியவள் மஞ்சமூக்கு டீச்சர் என்ற மைனா. மைனாப் பேச்சு தெரிந்தால் குளத்துக்கு வரும் எந்தப் பறவையோடும் பேசலாம். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எந்த ஓடையில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொள்ளலாம். அதனால் பொரித்துப் பத்தே நாளான தினையையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

வினை வந்தது பக்கத்து மரத்து அணிலால். அவள் பெயர் கொறிச்சி. பல்லுக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் நாக்குக்கு வேலை கொடுப்பாள்.

"என்ன புள்ளி, வீட்டுல இன்னும் கௌதாரிப் பேச்சுதானா?" என்று கேட்டாள். "அப்புறம் புள்ளைக்கு மைனாப் பேச்சு எங்கேர்ந்து வரும்? எங்க வீட்டுல அணில் பேச்சுக்கே இடமில்ல. என் பையன் தடுக்கி விழுந்தாக்கூட மைனாப் பேச்சுலதான் அழுவான், தெரியுமா?"

புள்ளிக்கு அன்று தீனி இறங்கவில்லை. தன் பிள்ளை பின்தங்கிப் போய்விடுவாளோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் புருஷனைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னையிலேர்ந்து புள்ள காதுல கௌதாரிப் பேச்சு விழக்கூடாது."

"எனக்கு மைனாப் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தெரியாதே புள்ளி."

"தெரியாட்டி சும்மா இரு. நம்ம பேச்சைப் பேசி அவ நாக்கைக் கெடுத்துடாத."

செவலையன் சண்டைக்காரன் இல்லை. பிள்ளைக்கு நல்லது என்றால் நாக்கையே கழற்றி வைக்கச் சொன்னாலும் வைத்துவிடுவான். அன்றைக்கு மூடினான் வாயை.

புள்ளியாவது பள்ளிக்கூடத்துப் புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்று பத்துப் பன்னிரண்டு மைனாச் சொல்லைப் பொறுக்கி வைத்திருந்தாள். அதை வைத்தே குடும்பம் நடத்தினாள். காலையில் "எழுக", தீனிக்கு "உண்க", பள்ளிக்கூடம் போகும்போது "செல்க". தினை சேற்றில் புரண்டு வந்து நின்ற அன்று வாய்விட்டுத் திட்ட வேண்டும்போல் இருந்தது. அதற்கு மைனாப் பேச்சில் சொல் கிடைக்கவில்லை. "நன்று அன்று" என்றாள். கொஞ்ச வேண்டும்போல் இருந்தபோதும் சொல் கிடைக்கவில்லை. "நன்று" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

செவலையன் பாடு இன்னும் மோசம். கறையான் கிடைத்தால் தரையை அலகால் தட்டுவான். தினை ஓடி வருவாள். அந்தப் பொந்தில் தேள் இருக்கிறது, கிட்டப் போகாதே என்று சொல்ல முடியாமல் குறுக்கே போய் நிற்பான். உன் உச்சந்தலை மயிர் காற்றில் எழும்பி நிற்கும்போது எவ்வளவு அழகு தெரியுமா என்று சொல்ல வாய் துடிக்கும். அதை எப்படித் தட்டிக் காட்டுவது? சில நாள் தூரத்துப் பாறைக்குப் போய், மனசில் இருப்பதையெல்லாம் பாறையிடம் பேசித் தீர்த்துவிட்டு வருவான். பாவம், பாறைக்கு என்ன தெரியும்?

தினை கெட்டிக்காரி. மைனாப் பேச்சைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். பிறந்த புதிதில் காதில் விழுந்திருந்த கௌதாரிப் பேச்சு அதைவிடச் சீக்கிரமாக மறந்துபோயிற்று.

ஒரு நாள் உச்சி வெயிலில் தினை வெட்டவெளியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். புள்ளி புதரோரத்தில் இருந்தாள். செவலையன் புற்றின்மேல் ஏறிக் காவல் நின்றான். ஆவாரஞ்செடிக்குப் பின்னால் என்னவோ அசைந்தது. பார்த்தான். காட்டுப்பூனை!

இந்த மாதிரி நேரத்துக்கென்றே கௌதாரிகளிடம் ஒரு சொல் உண்டு. 'பதுங்கு.' அது காதில் விழுந்ததும் குஞ்சு இருந்த இடத்திலேயே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் மண் எது, குஞ்சு எது என்று பூனைக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லால்தான் கௌதாரிக் குலமே இன்று வரை பிழைத்துக் கிடக்கிறது.

செவலையன் வாயைத் திறந்தான். சட்டென்று மூடிக்கொண்டான். பிள்ளை காதில் நம் பேச்சு விழக்கூடாதே! மைனாப் பேச்சில் இதற்கு என்ன சொல்வார்கள்? அவன் யோசிப்பதற்குள் பூனை நாலடி முன்னால் வந்துவிட்டது.

பேச்சாவது மண்ணாவது என்று தொண்டை கிழியக் கத்தினான். "பதுங்குடி தங்கம்! பதுங்கு!"

தினை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்து அவள் கேட்டதே இல்லை. விளங்காவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். வெட்டவெளி நடுவில் கழுத்தை நீட்டி நின்றுகொண்டு, பணிவாக மைனாப் பேச்சில் கேட்டாள்.

"எனக்கு விளங்கவில்லை. மீண்டும் கூறுக."

பூனை பாய்வதற்கு முதுகைக் குறுக்கியது. செவலையன் புற்றிலிருந்து அதன் மூக்குக்கு எதிரே பொத்தென்று விழுந்தான். ஒரு இறக்கையை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினான். கைக்கெட்டும் தூரத்தில் கொழுத்த கௌதாரி நொண்டினால் பூனைக்குக் குஞ்சு எதற்கு? அவன் பின்னாலேயே போயிற்று. புள்ளி பாய்ந்து வந்து தினையை முள்ளுக்குள் தள்ளி மூடிக்கொண்டாள். தூரத்தில் பூனை தாவிய சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

புள்ளி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். வெகுநேரம் கழித்து இலை சரசரத்தது. செவலையன்தான். வால் இறகு மொத்தமும் போயிருந்தது. தொடையில் ரத்தம் வழிந்தது. இந்த முறை நிஜமாகவே நொண்டினான்.

தினை மெல்ல அவன் அருகே போனாள். காயத்தை அவள் பார்க்கவில்லை. அவன் வாயையே உற்றுப் பார்த்தாள். மைனாப் பேச்சில் என்னவோ கேட்டாள்.

"என்ன கேக்குறா?" என்றான் செவலையன், கௌதாரிப் பேச்சில்.

புள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு புள்ளி."

"அப்பாவுக்குப் பேச வருமான்னு கேக்குறா." சொல்லி முடிப்பதற்குள் புள்ளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

செவலையனுக்குப் பூனை பிடுங்கியபோது வலிக்காதது இப்போது வலித்தது. மகளை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டான்.

"வரும் கண்ணு. நிறைய வரும். அந்தப் பொந்துல தேள் இருக்கு, போகாத. உன் உச்சி மயிரு காத்துல நிக்கும்போது ராணி மாதிரி இருக்க. இதெல்லாம் எத்தனை நாளாச் சொல்லணும்னு இருந்தேன் தெரியுமா?"

தினைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவள் நகரவே இல்லை.

மறுநாள் புள்ளி பள்ளிக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் அதையெல்லாம் சொல்ல முடியுமா? பாதியிலேயே கௌதாரிப் பேச்சுக்கு வந்துவிட்டாள். மஞ்சமூக்கு டீச்சர் அதே கௌதாரிப் பேச்சில், கொஞ்சமும் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

"வீட்டுப் பேச்சை விடச் சொல்லி நான் எப்பம்மா சொன்னேன்? உங்க பேச்சை நான் ஆசைப்பட்டுல்ல கத்துக்கிட்டேன்! பிள்ளைங்களுக்கு இன்னொரு பேச்சு இருக்கட்டுமேன்னு பள்ளிக்கூடம் நடத்துறேன். இருக்கறதைப் பிடுங்கறதுக்கா நடத்துறேன்?"

புள்ளி விறுவிறுவென்று வீடு திரும்பினாள்.

அன்றிலிருந்து தினை பகலில் மைனாப் பேச்சு படித்தாள். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவோடு புல்லுக்குள் போவாள். அவன் "பதுங்கு" என்பான். அவள் விழுந்து ஒட்டிக்கொள்வாள். வால் முளைக்காத செவலையனும் கூடவே விழுவான். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது விழுந்து எழுந்தார்கள். புள்ளியும் மனசாறத் திட்டினாள், மனசாறக் கொஞ்சினாள்.

எட்டாம் நாள் சாயங்காலம், பேசிக்கொண்டே இருந்த செவலையன் மூச்சு வாங்கச் சற்று நிறுத்தினான். தினை அவன் கழுத்தை அலகால் தட்டினாள். தப்பும் தவறுமாக, முதல்முதலாகக் கௌதாரிப் பேச்சில் சொன்னாள்.

"அப்பா, இன்னும் பேசு."

பிள்ளைக்கு எத்தனை மொழி வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அதற்காகப் பெற்றவர்கள் தங்கள் மொழியில் அவளோடு பேசுவதை ஒருநாளும் நிறுத்திவிடக் கூடாது.