புலி வீட்டுக் கல்யாண ஆல்பம்

அம்பாசமுத்திரம் சொரிமுத்துவுக்கு ரெண்டு கேமரா உண்டு, ஒரு வாய் உண்டு. கேமரா ரெண்டும் ஒரு முகூர்த்தத்துக்கு மேல் தாங்காது, சார்ஜ் இறங்கிவிடும். வாய்க்கு சார்ஜ் இறங்கி ஊரில் ஒருத்தரும் பார்த்தது கிடையாது.

ஆள் தங்கமானவன். தொழிலில் கெட்டிக்காரன். ஆனால் பேச ஆரம்பித்தால் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. காஷ்மீரில் அப்படி, ராஜஸ்தானில் இப்படி என்பான். நெசத்தில் அவன் மதுரையைத் தாண்டினதில்லை. மதுரைக்கும் கேமரா ரிப்பேருக்குத்தான் போனான். அவன் பார்த்த தேசமெல்லாம் ஸ்டூடியோ ஸ்டூலுக்குப் பின்னால் தொங்குகிற திரைதான். ஒரு திரையில் பனிமலை, ஒன்றில் தாஜ்மகால், ஒன்றில் ஒட்டகம். போகக்கூடாது என்றெல்லாம் இல்லை, ஆசை மலையளவு இருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, கிளம்பலாம் என்று பார்த்தால் கோயில் கொடைத் திருவிழா வந்துவிடும். கொடை முடிந்தால் ஆவணி முகூர்த்தம் வாசலில் நிற்கும். ஊர்க்காரன் சிரிப்பையெல்லாம் படம் எடுத்தே அவன் வயசு போய்க்கொண்டிருந்தது.

அந்த வாயாலேயே நல்ல நல்ல சம்பந்தமெல்லாம் தட்டிப் போயிற்று. அதனால் சுரண்டைக்குப் பெண் பார்க்கப் போகிற பஸ்ஸில் அவன் அம்மா பிச்சம்மாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, பாபநாசம் சாமி மேல சத்தியம் பண்ணு. கேட்டா ஆமான்னு சொல்லணும், இல்லேன்னா இல்லன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சு, நான் ஆத்துல போயி விழுந்துருவேன்."

"சரிம்மா."

"பொண்ணோட அப்பா ஆவுடையப்பன் அண்ணாச்சி பொய்யின்னா பொறுக்க மாட்டாவ. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அவள் சொன்னது சரிதான். சுரண்டை ஆவுடையப்பனும் ஸ்டூடியோக்காரர்தான். பாஸ்போர்ட் போட்டோவில் ஒரு பருவைக்கூட அழித்துத் தரமாட்டார். "கொஞ்சம் கலராக்கிக் குடுங்க அண்ணாச்சி" என்று யாராவது கேட்டால், "அதை உங்க அப்பாகிட்ட முன்னாலயே கேட்டிருக்கணும்" என்று அனுப்பிவிடுவார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத மனுஷன்.

அவர் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பேச்சுக்கு வழியே இல்லாதபடி சொரிமுத்து வாய் நிறையப் பஜ்ஜியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் செண்பகவல்லி தட்டேந்திக்கொண்டு உள்ளேயிருந்து வரவில்லை. கழுத்தில் கேமராவும் தோளில் பையுமாகத் தெருவாசல் வழியே வேர்க்க விறுவிறுக்க வந்தாள். காலையில் ஒரு காதுகுத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தாளாம்.

"தப்பா நினைச்சுக்கிடாதீங்க அத்தை. அந்தப் பிள்ளை ஒரு காதைக் குடுத்துட்டு இன்னொரு காதைத் தரமாட்டேன்னுட்டான்" என்றாள். லென்ஸை மூடி வைத்துவிட்டுத்தான் தண்ணீர்ச் செம்பையே எடுத்தாள். அதைப் பார்த்ததும் சொரிமுத்துவுக்கு முடிவாகிவிட்டது. கட்டினால் இவளைத்தான்.

செண்பகத்தின் தாய்மாமன் பூலோகப்பாண்டி கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஒருதரம் ஊட்டிக்குப் போய்விட்டு வந்ததைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவர். அவர்தான் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை வெளியூரெல்லாம் போயி படம் எடுக்கிறதுண்டோ?"

"ஆமா" என்றான் சொரிமுத்து. பிச்சம்மாள் மூச்சு விட்டாள்.

அத்தோடு முடிந்திருக்கும். செண்பகம் கேட்டுவிட்டாள். "எனக்கு பனி பாக்கணும்னு ரொம்ப ஆசை. குத்தாலத்தைத் தாண்டி எங்கயும் போனதில்ல. நீங்க பனி பாத்திருக்கியளா?"

அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். அந்தக் கண்ணைப் பார்த்து 'இல்ல' என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு நாக்கு வரும்? பாபநாசம் சாமி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று சொரிமுத்து பஜ்ஜியை விழுங்கினான்.

"பனியா? அதை ஏன் கேக்கிய! இமாச்சலத்துல ஒரு கிராமம். அங்க குளிரு எப்படின்னா, பிளாஷ் அடிச்சேன் பாருங்க, வெளிச்சம் கேமராவை விட்டு ஒரு முழம் வந்துச்சு, அப்படியே உறைஞ்சுபோயி நின்னுட்டு."

"எது? வெளிச்சமா?" என்றார் பூலோகப்பாண்டி.

"வெளிச்சமேதான் மாமா. விட்டுட்டு வர மனசில்ல. துண்டுல சுத்திப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். ரயில்ல ஒண்ணும் ஆகல. தென்காசியில பஸ் ஏறி உக்காந்தேனா, நம்ம ஊரு வெக்கையில மடியிலேயே உருகிட்டு. பஸ் முழுக்கப் பளீர்னு ஒரு வெட்டு! கண்டக்டர் டிக்கெட் குடுக்கிறதை விட்டுட்டு தலையைச் சீவிக்கிட்டு நிக்காரு."

செண்பகம் களுக்கென்று சிரித்தாள். பூலோகப்பாண்டி, "அது பிளாஷா, குச்சி ஐஸா?" என்றார். ஆவுடையப்பன் "ம்" என்றார். அந்த ஒரு 'ம்'மில் பிச்சம்மாளுக்குக் கேசரி இறங்கவில்லை. மகன் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். ஆனால் அந்தப் பெண் சிரித்த சிரிப்புக்கு முன்னால் கிள்ளு எம்மாத்திரம்?

"இதுவாவது பரவாயில்ல" என்று சொரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். "டார்ஜிலிங்குல ஒரு பனிமலை. ஒரே மேகம். மலை முகத்தையே காட்ட மாட்டேங்கு. வெளிநாட்டுக்காரன் எல்லாம் பீரங்கி மாதிரி லென்ஸை வச்சுக்கிட்டு நாள்க்கணக்கா காத்துக் கெடக்கான். நான் யோசிச்சேன். மாமா, நீங்களே சொல்லுங்க. கல்யாண வீட்ல ஒரு சித்தப்பா முறுக்கிக்கிட்டு மேடைக்கே வரமாட்டேங்காரு. நாம என்ன செய்வோம்?"

"பையைக் கட்டுவோம்" என்றார் பூலோகப்பாண்டி, தொழில் புத்தியில்.

"கட்டினா?"

"'என்னய்யா, எங்க குடும்பத்தை எடுக்காமயே கிளம்புத'ன்னு சண்டைக்கு வருவாரு."

"வருவாருல்லா? மலையும் அதே ரகம்தான். நான் கேமராவை உள்ள வச்சு, ஸ்டாண்டை மடக்கி, பையோட ஜிப்பை 'சர்ர்ர்'னு மலைக்குக் கேக்கிற மாதிரி இழுத்தேன். அவ்வளவுதான். மேகத்தை உதறி எறிஞ்சுட்டு மலை ரெண்டு எட்டு முன்னால வந்து நின்னுட்டு! 'இம்புட்டு முன்னால வராதீங்க, பிரேம்ல அடங்கல, பின்னால போங்க, பின்னால போங்க'ன்னு கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அதுக்குள்ள ஊர்க்காரங்க, ஐயையோ, மலை எங்க தேயிலைத் தோட்டத்துல காலை வச்சுட்டுன்னு கம்பை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க."

"மலைக்கு ஏதுய்யா காலு?"

"காலு இல்லாமலா மாமா அடிவாரம்னு சொல்லுதோம்?"

ஆவுடையப்பன் இன்னொரு "ம்" போட்டார். இது முதல் 'ம்'மை விடக் கனமாக இருந்தது. பிச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். செண்பகம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "அப்புறம்?" என்றாள்.

அந்த 'அப்புறம்' சொரிமுத்துவை மத்தியப் பிரதேசக் காட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

"காட்டுக்குள்ள நடந்து போறேன், எதுக்க வந்து நிக்கி ஒரு புலி. எனக்குப் பயம் வரணும்லா? வரல. கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு நேரத்துல பந்தியை மறிச்சுப் படம் எடுத்தவனுக்குப் புலி எம்மாத்திரம்? பழக்கதோஷத்துல, 'நாடியைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணை மூடாதீங்க, லேசா சிரிங்க'ன்னு சொல்லிட்டேன். அது அப்படியே செஞ்சுது! படத்தைத் திருப்பிக் காமிச்சேன். பாத்துட்டு உள்ள போச்சு. போயி பொண்டாட்டி, பிள்ளைக, அண்ணன் தம்பி, கொழுந்தியா, மொத்தக் கூட்டத்தையும் கூட்டிட்டு வந்துட்டு. குட்டையெல்லாம் முன்னால, நெட்டையெல்லாம் பின்னால நிறுத்தினேன். ஒரே ஒரு கெழட்டுப் புலி மட்டும் ஓரமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு 'ம்', 'ம்'னு உறுமிக்கிட்டு நிக்கி. எவ்வளவு சொல்லியும் சிரிக்க மாட்டேங்கு. விசாரிச்சா, மாமனார் புலியாம்."

சொன்ன பிறகுதான் சொரிமுத்துவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. பூலோகப்பாண்டி வெடித்துச் சிரித்து, அத்தான் ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஆவுடையப்பன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் படத்தைக் காமிங்க தம்பி."

"படம் புலிகிட்ட இருக்கு மாமா."

"ஏன்?"

"ஆல்பத்துக்கு வேண்டிய படத்தைப் பொறுக்கித் தாங்கன்னு பென்டிரைவுல போட்டுக் குடுத்தேன். இன்னும் பொறுக்கித் தரல."

அந்த வலி அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பூலோகப்பாண்டி நீளமாக மூச்சு விட்டார். "அது மட்டும் நெசம் அத்தான். நான் ஒரு காதுகுத்துக்குக் குடுத்த பென்டிரைவ் இன்னும் வரல. பயலுக்கு மீசையே முளைச்சாச்சு."

ஆவுடையப்பன் மசியவில்லை. "இமாச்சலம், டார்ஜிலிங், புலிக்காடு. இத்தனை இடத்துக்குப் போயிருக்கியளே, ஒரு படத்துலயாவது உங்க மூஞ்சி உண்டா?"

"எடுக்கிறவன் எப்படி மாமா படத்துல இருப்பான்? நீங்க எடுத்த படத்துல நீங்க இருக்கியளா?"

"நான் போனேன்னு சொல்லலையே. போனேன்னு சொல்லுதவருக்கு சாட்சி வேணும். நீங்க அந்தக் காட்டுல நின்னதைப் பாத்த ஒரு ஆளைக் காமிங்க, இப்பவே தட்டு மாத்திக்கிடுவோம். இல்லேன்னா அம்மாவைக் கூட்டிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பலாம். புளுகனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

சொரிமுத்து வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து முதல்தடவையாக அந்த வாய்க்கு சார்ஜ் இறங்கியிருந்தது. பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தேடினாள். இந்தப் பெண்ணும் போச்சே, பாழாய்ப்போன வாயே, என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. மெதுவாக எழுந்தான்.

"சாட்சி நான் இருக்கேன்பா" என்றாள் செண்பகம்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றாள்.

"நானும் அன்னைக்கு அந்தக் காட்டுலதான் இருந்தேன். இவரு விவரம் தெரியாமச் சொல்லுதாரு. அது சும்மா குடும்பப் படம் இல்ல, புலி வீட்டுக் கல்யாணம். இவரு மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர். நான் பொண்ணு வீட்டு போட்டோகிராபர்."

"ஏட்டி!" என்றார் ஆவுடையப்பன். "நீ பழைய குத்தாலத்தைத் தாண்டினது கிடையாது. நீ எப்போ மத்தியப் பிரதேசம் போனே?"

"நீங்க மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குதீங்கல்லா, அந்த நேரத்துல. நீங்க எந்திரிச்சுக் காபி கேக்கிறதுக்குள்ள வந்துட்டேன்."

"தாயி, அப்ப புலியோட படம் உன்கிட்டயாவது இருக்குமே?" என்றார் பூலோகப்பாண்டி ஆர்வமாக.

"எங்க மாமா? தாலி கட்டுத நேரம் இந்த மனுஷன் குறுக்க வந்து நின்னுட்டாரு. மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் புத்தி தெரியாதா உங்களுக்கு? மாலை மாத்தும்போது குறுக்க. மெட்டி போடும்போது குறுக்க. எடுத்த படம் பூராவும் இவரு முதுகுதான். புலி வாலு நுனிகூடத் தெரியல. முதுகை வச்சு யாரு ஆல்பம் போடுவா? அத்தனையையும் அழிச்சுட்டேன். இன்னைக்கு வாசல்ல வரும்போதே முதுகைப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன்."

சொரிமுத்து நின்றபடியே அவளைப் பார்த்தான். அவனுக்குப் பனிமலை ஞாபகம் வரவில்லை, புலி ஞாபகம் வரவில்லை. ஓடிப்போய் அவள் காலில் விழலாமா என்றுதான் தோன்றியது.

"அப்புறம் அந்த மாமனார் புலி" என்றாள் செண்பகம், அப்பாவை நேராகப் பார்த்து. "அது ஏன் உறுமிச்சுன்னு இவருக்குத் தெரியாது. பொண்ணு வீட்டாளு நான், எனக்குத் தெரியும். மாப்பிள்ளை புளுகுதான்னு அதுக்குக் கோவம். பொண்ணுக்குப் பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சதும் குடுத்துட்டு."

ஆவுடையப்பன் மகளைப் பார்த்தார். சொரிமுத்துவைப் பார்த்தார். தன் வீட்டுக்குள்ளேயே இவ்வளவு நாளாக இப்படி ஒன்று வளர்ந்திருக்கிறதா என்று ஆச்சரியப்படுகிற மாதிரி மறுபடி மகளைப் பார்த்தார். பிறகு பிச்சம்மாளிடம் சொன்னார்.

"தட்டை எடுங்கம்மா. தனித்தனியா குடுத்தா ரெண்டு வீடு கெடும். ஒரு வீட்டோட போகட்டும்."

தை மாசம் கல்யாணம் நடந்தது. மேடைக்கு முன்னால் யார் படம் எடுப்பது என்று ரெண்டு வீட்டு போட்டோகிராபர்களும் முட்டிக்கொண்டது தனிக்கதை. மறுவீடு முடிந்ததும், கொடையாவது முகூர்த்தமாவது என்று அம்பாசமுத்திரம் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் நெசமாகவே டார்ஜிலிங்குக்கு ரயில் ஏறினார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முதல் படம் வந்தது. முழுக்க வெள்ளை. மேகத்தைத் தவிர ஒரு மண்ணும் இல்லை.

"மலை எங்க தாயி?" என்று பூலோகப்பாண்டி கேட்டார்.

"பையைக் கட்டிக்கிட்டு இருக்கோம் மாமா. இப்ப வந்துரும்" என்று செண்பகத்திடமிருந்து பதில் வந்தது.

சுரண்டை ஸ்டூடியோவில் ஆவுடையப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அதை ரெண்டு தடவை படித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டி அனுப்பினார்.

"பாத்து. ரெண்டு எட்டுக்கு மேல வரவிடாதீங்க. தேயிலையை மிதிச்சிரும்."