குரங்கு குரல் கொடுக்காத சாயங்காலம்

இந்தக் கதையைச் சொன்ன கொக்கை நம்பலாமா என்று பல வருடங்களாக எனக்குச் சந்தேகம். கதை நடந்த குளத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்த கொக்கு அது. குரங்குக்கும் மானுக்கும் சண்டை நடந்ததில் சந்தேகம் இல்லை. அது தீர்ந்த விதத்தில்தான்.

காட்டுக்குளத்தின் கரையில் ஒரு நாவல் மரம். அதன் உச்சியில் கருமுகன் என்ற குரங்குக்குக் காவல் வேலை. சிறுத்தை வந்தால் அவன் குரல் கொடுப்பான், மான்கள் ஓடிவிடும். குரங்குகள் பழம் பொறுக்கத் தரைக்கு இறங்கும்போது மான்கள் மோப்பம் பிடித்துக் காவல் காக்கும். ஆபத்து என்றால் காலால் தரையைத் தட்டும். ஒருவரை நம்பித்தான் மற்றவர் பிழைப்பு. கருமுகன் மரத்தில் இருந்தால், செம்பி என்ற புள்ளிமான் தலையைத் தூக்காமல் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பாள்.

கோடையில் ஒரு சாயங்காலம் கருமுகன் குரல் கொடுக்கவில்லை. சிறுத்தை பாய்ந்த பிறகுதான் கத்தினான். செம்பியின் மூத்த குட்டி போய்விட்டது.

செம்பி நேராக நரி வக்கீலிடம் போனாள். புலி ராஜாவின் சபையில் வழக்குப் போட்டுக் குரங்கைக் காட்டைவிட்டே துரத்திவிடலாம் என்றது நரி. எப்போது தீர்ப்பு வரும் என்று கேட்டாள். முதலில் மழை வரட்டும் என்றது. அதுவரை அவனோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் வழக்குக் கெட்டுப்போகும் என்றும் எச்சரித்து அனுப்பியது. கருமுகனும் ஒரு வக்கீலைப் பிடித்தான். அது அந்த நரியின் தம்பி. அதுவும் அதையேதான் சொன்னது.

நாவல் மரத்து உச்சி காலியானது. காட்டில் வேறு தண்ணீர் இல்லை. மான்கள் ஒரு வாய் குடிக்கும், ஓடும். இலை விழுந்தால் ஓடும். தவளை குதித்தால் ஓடும். செம்பிக்கு மடி வற்றியது. மிச்சம் இருந்த சின்னக் குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. தரைக்கு இறங்கப் பயந்து குரங்குகளும் பட்டினி கிடந்தன. நிம்மதியாகத் தூங்கியது சிறுத்தை மட்டும்தான்.

குட்டியின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்த அன்று, செம்பி மேட்டில் இருந்த அழுங்கு என்ற எறும்புதின்னியைத் தேடிப் போனாள். சண்டைகளைப் பேசித் தீர்த்துவைப்பதுதான் அழுங்கின் தொழில். அது இலையும் தின்னாது, புல்லும் தின்னாது. எறும்பும் கறையானும்தான் அதன் சாப்பாடு. அதனால் இரண்டு பக்கமும் அதை நம்பின. ஆளுக்கு ஒரு கறையான் புற்றைக் காட்டினால் போதும், அதுதான் கூலி.

அழுங்கு சொல்லி அனுப்ப, கருமுகனும் வந்தான். அழுங்கு முதலிலேயே தன் முறையைச் சொல்லிவிட்டது. தீர்ப்புச் சொல்ல மாட்டேன். தனியாக என்னிடம் சொல்வது என் செதிலைத் தாண்டி வெளியே போகாது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

"தீர்ப்புச் சொல்லாத நீ எதுக்கு?" என்றாள் செம்பி. "அவன் செஞ்சது தப்புன்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும். எனக்கு அதுதான் வேணும்."

"சொல்லியாச்சுன்னே வச்சுக்கோ. அப்புறம் எங்கே போய்த் தண்ணி குடிப்பே?"

செம்பி எழுந்து போகவில்லை.

பிறகு அழுங்கு கருமுகனைத் தனியாகப் புற்றுக்குப் பின்னால் அழைத்துப் போனது. செம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நின்றாள், நடந்தாள், திரும்பினாள். பேச்சு எட்டவில்லை. கருமுகன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்னான்?" என்று அழுங்கை மறித்துக் கேட்டாள்.

"அது என்கிட்டே இருக்கும். உனக்குத் தெரியணும்னா அவனையே கேளு. இதுவரைக்கும் கேட்டியா?"

கேட்கவில்லை. நரி பேசக்கூடாது என்றிருந்தது. செம்பி மெல்லத் திரும்பினாள்.

"ஏன்டா கத்தலை?"

கருமுகன் வாலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன தடவை காட்டுப்பன்னியைப் பார்த்துக் கத்தினேன். அதுக்கு முன்னாடி வெறும் புல் ஆடினதுக்குக் கத்தினேன். தன் நிழலைப் பார்த்தே கத்துவான்னு எல்லாரும் சிரிச்சீங்க. நீதான் ரொம்பச் சிரிச்சே. அன்னிக்கு மஞ்சளா ஏதோ அசைஞ்சுது. நல்லாத் தெரியட்டும்னு இருந்தேன்."

செம்பிக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. "சிரிச்சதுக்கு என் குட்டி போகணுமா?"

"போயிருக்கக் கூடாது. நான் கத்தியிருக்கணும்."

மன்னிப்பைப் பற்றி அழுங்கு ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டது: "இனிமே சந்தேகம் வந்தா என்ன செய்யறது?" அதைப் பேசி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சந்தேகம் என்றாலே கருமுகன் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவுடன் ஓட வேண்டும். வீண் ஓட்டமானாலும் யாரும் சிரிக்கக் கூடாது. மான்கள் காலைத் தட்டினாலும் அதே கணக்குத்தான். இருவரும் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். "நல்ல வழக்கும்மா, கெடுத்துட்டியே" என்று அங்கலாய்த்தது நரி.

மறுநாள் சாயங்காலமே கருமுகன் கத்தினான். மான்கள் விழுந்தடித்து ஓடின. புல்லை விலக்கிக்கொண்டு ஒரு பெண்மயில் சாவகாசமாக வெளியே வந்தது. ஓர் இளம் ஆண்மானுக்கு வாய் கோணியது. செம்பி திரும்பிப் பார்த்தாள். வாய் நேரானது.

எல்லாரும் திரும்பி வந்து குடித்தார்கள். செம்பி ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள். ஆனாலும் குடித்தாள். குட்டிக்குப் பால் வந்தது. அடுத்த முறை புல்லுக்குள் இருந்தது சிறுத்தையேதான். அது வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

யார் குற்றவாளி என்று சொல்லத் தீர்ப்பு போதும். நாளையும் சேர்ந்து பிழைக்க வேண்டியவர்கள் நம்பகமான ஒருவரை நடுவில் வைத்து நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொள்வதே நல்லது. இப்படிச் சொல்லித்தான் கொக்கு எப்போதும் கதையை முடிக்கும்.

மனதை அரித்துக்கொண்டே இருந்ததை அதனிடம் கடைசியில் ஒரு நாள் கேட்டாயிற்று: "அதற்குப் பிறகு செம்பி, ஒரு தடவையாவது, மேலே பார்க்காமல் தண்ணீர் குடித்தாளா?"