இரண்டு தரம் படித்த நரி

காட்டெருமை முத்துப்பேச்சி ஒரு பக்கம் படித்தால் அரை நாள் அதை அசைபோடும். பக்கம் புரட்டுவது நாக்கால்தான். அதனால் அது படித்த புத்தகங்களின் ஓரமெல்லாம் ஈரம்.

"அக்கா, படிக்கிறீங்களா, மேயுறீங்களா?" என்று முயல் கேலி செய்யும். முத்துப்பேச்சி கோபித்துக்கொள்ளாது. கோபம் வந்து சேரவும் அதற்கு அரை நாள் ஆகும்!

அந்த மலைக்காட்டுக்குப் புத்தகங்கள் வந்தது ஒரு லாரியின் புண்ணியம். கொண்டை ஊசி வளைவில் லாரி சாய்ந்தபோது ஒரு பெட்டி உருண்டு வந்து குளக்கரையில் விழுந்தது. உள்ளே முப்பது புத்தகங்கள். நாவல், சமையல், கை வைத்தியம், யாரோ ஒரு ராஜாவின் வரலாறு, ரயில் கால அட்டவணை என்று எல்லாம் கலந்து கிடந்தன. கரடி மாடசாமி பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது கருத்துச் சொல்ல வேண்டும். அதுதான் கரடி போட்ட சட்டம்.

கருத்துச் சொல்வதில் குள்ளநரி நாகலிங்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் எடுத்த புத்தகத்தை வெயில் ஏறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடும்.

சமையல் புத்தகத்தைப் பற்றி, "கத்திரிக்காய்னு ஒருத்தர் நல்லாத்தான் வந்தார். பாதியிலேயே எண்ணெயில போட்டு வதக்கிட்டாங்க. மனசு கேக்கல!" என்றது.

ரயில் அட்டவணையைப் பற்றி, "வேகம் இருக்கு. ஆனா யாருமே ஒரு இடத்துல நிலையா நிக்கல!" என்றது.

ராஜாவின் வரலாற்றைப் பார்த்து, "அத்தனையும் கற்பனை!" என்று உதட்டைப் பிதுக்கியது. நாவல்களைப் பார்த்து, "இதுக்கெல்லாம் ஆதாரம் எங்கே?" என்று அதட்டியது. மற்ற விலங்குகள் தலையாட்டின. தலையாட்டுவது படிப்பதைவிடச் சுலபம் அல்லவா?

ஒருநாள் மேற்கே மேகம் திரண்டது. கரடி எல்லோரையும் கூப்பிட்டது.

"மழை வரப்போவுது. என் குகையில பத்துப் புத்தகத்துக்குத்தான் இடம். நானும் படுக்கணுமில்ல? நாளைக்கு மத்தியானம் வந்து கருத்துச் சொல்லுங்க. நல்ல புத்தகம் உள்ளே. மத்ததெல்லாம் மழைக்கும் கரையானுக்கும்!"

முத்துப்பேச்சிக்குத் திக்கென்றது. அது அப்போது ஒரு கடல் நாவல் படித்துக்கொண்டிருந்தது. கலங்கரை விளக்கில் வேலை பார்க்கும் லூர்தம்மாளின் கதை. அவள் கணவன் தோணியில் போய் ஒன்பது நாளாயிற்று. அறுபதாம் பக்கத்தில் புயல். தோணி திரும்பியதா, இல்லையா? அது தெரியாமல் முத்துப்பேச்சிக்குப் புல் இறங்கவில்லை. மீதியைப் படித்து முடிக்க இன்னும் இரண்டு மாதமாவது வேண்டும். அதற்குள் புத்தகம் கூழாகிவிடுமே!

அது நேராக நரியிடம் போயிற்று.

"தம்பி, நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க. நாளைக்கு அந்தக் கடல் புத்தகத்தைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அதுவா? காட்டுல இருக்கறவங்களுக்குக் கடல் எதுக்குக்கா? நடையில உயிரே இல்ல. வெளியே போடத்தான் சொல்லப்போறேன்!"

"படிச்சீங்களா, தம்பி? அதுல வர்ற பொண்ணு பேரு என்ன?"

"பேரையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கிட்டு! நான் கருத்தைத்தான் பார்ப்பேன்!" என்று சொல்லிவிட்டு நரி வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டது.

முத்துப்பேச்சி இதையும் அசைபோட்டது. விடிந்ததும் அதற்கு ஒன்று தோன்றியது. பெட்டியின் அடியில் கெட்டி அட்டையும் தங்கக் கரையுமாக ஒரு தடித்த நோட்டு கிடந்தது. போன மாதம் முத்துப்பேச்சி அதைக் கடைசிவரை புரட்டிப் பார்த்திருந்தது. அத்தனையும் வெள்ளைத் தாள். ஓர் எழுத்துக் கிடையாது.

மத்தியானம் எல்லோரும் கூடினார்கள். நரி பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. முத்துப்பேச்சி அந்த நோட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்தது.

"தம்பி, முதல்ல இந்தப் பெரிய புத்தகத்தைப் பத்திச் சொல்லுங்க. நீங்க படிச்சிருப்பீங்களே?"

"ரெண்டு தரம் படிச்சேன்!" என்றது நரி. "ஆரம்பம் அருமை. நடுவுல கொஞ்சம் தொய்வு. முடிவு இருக்கே... வேண்டாம், சொல்லிட்டா சுவாரசியம் போயிடும்!"

"ஆமா, ஆமா, நடுவுல தொய்வுதான்!" என்றது மயில்.

"முடிவுல நான் அழுதே போயிட்டேன்!" என்றது முயல்.

"எந்தப் பக்கத்துல தொய்வுன்னு நானும் பார்க்கிறேன்" என்று கரடி நோட்டைத் திறந்தது. புரட்டியது. மறுபடி புரட்டியது. தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்த்தது. பிறகு எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டியது.

மயில் தன் தோகையைக் கோதத் தொடங்கியது.

"அன்னிக்குக் கண்ணுல தூசி விழுந்திருக்கும்" என்று முணுமுணுத்தது முயல். நரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் காலையே பார்த்தது.

கரடிக்குக் கோபம் தலைக்கேறியது. "இனிமே முழுசாப் படிச்சவங்க மட்டும்தான் பேசணும்!" என்று உறுமியது. கையோடு கடல் நாவலைத் தூக்கிக் காட்டியது. "இதை முழுசாப் படிச்சது யாரு? முத்துப்பேச்சி, உன்கிட்டதானே இருந்துச்சு? முடிச்சிட்டியா?"

நரிக்கு வைத்த பொறியில் முத்துப்பேச்சியின் காலே மாட்டிக்கொண்டதே! 'முடித்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், புத்தகம் பிழைத்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வெள்ளைத் தாள் நோட்டு இன்னும் கண்ணெதிரே விரிந்து கிடந்தது. முத்துப்பேச்சி இந்த ஒரு தடவை அசைபோடவில்லை.

"இல்லண்ணே. அறுபது பக்கம்தான் படிச்சேன்."

"பார்த்தீங்களா! அவங்களும் முடிக்கல!" என்று நரி துள்ளியது.

"நீ சும்மா இரு!" என்றது கரடி. "முத்துப்பேச்சி, அந்த அறுபது பக்கத்துல என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லு."

முத்துப்பேச்சி மெதுவாகச் சொன்னது. லூர்தம்மாள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதைச் சொன்னது. ஒன்பது நாளாக அவள் இரண்டு பேருக்கு உலை வைப்பதைச் சொன்னது. புயலில் கண்ணாடி உடைந்ததும், தன் புடவையை விரித்துப் பிடித்து அவள் சுடரைக் காத்ததைச் சொன்னது. "அப்போ, தூரத்துல ஏதோ கறுப்பா ஒண்ணு தெரியுது" என்று நிறுத்தியது.

"அப்புறம்?"

கேட்டது நரி! அது எப்போது பாறையைவிட்டு இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"தெரியாது தம்பி. அறுபத்தோராம் பக்கம் இனிமேதான் படிக்கணும்."

"அண்ணே, முதல்ல அதை உள்ளே வைங்க! நனைஞ்சிடப்போவுது!" என்று கத்தியது நரி. "வைங்க! வைங்க!" என்று மயிலும் முயலும் சேர்ந்துகொண்டன. கரடி ஓட்டமாக ஓடிப் புத்தகத்தைக் குகைக்குள் வைத்தது. முத்துப்பேச்சிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

படித்தது பாதியே ஆனாலும் அதை உள்ளபடி சொல்பவரின் பேச்சுக்குக் கிடைக்கும் மதிப்பு, படிக்காமலே எல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவரின் பேச்சுக்கு ஒருநாளும் கிடைக்காது.