காதோரம் தைத்த வித்து

வெகு காலத்துக்கு முன்னால் வெண்குன்ற நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நினைத்தது அந்த நொடியே நடக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

இந்தப் பலவீனம் தெரிந்தவர், மந்திரிக்கு அடுத்த நிலையில் இருந்த பிரதானி காலிங்கராயர். அவர் கடல் கடந்து வந்த மந்திரவாதியிடம் ‘அறிவு வித்து’ வாங்கி வந்தார். காதுக்குப் பின்னால் தோலைக் கீறி, உள்ளே வைத்துத் தைத்தால் போதும், ஒரு கலை முழுவதும் மண்டைக்குள் வந்துவிடும். ராஜா நம்புவதற்காகத் தன் காதிலேயே யானையைப் பழக்கும் யானை வித்து ஒன்றைத் தைத்துக் காட்டினார்.

“இனி வாத்தியார் எதற்கு?” என்று குதித்தான் ராஜா. கற்றுக்கொடுப்பவர்களோடு பழைய பாகர்களையும் நாட்டை விட்டு விரட்டினான். பட்டத்து யானையின் பாகன் பொம்மன் மட்டும், “குட்டியிலிருந்து என் கையால் தின்கிற பிள்ளை சாமி, விட்டுட்டுப் போக மாட்டேன்” என்றான். அவன் தலை கோட்டை வாசலில் ஏறியது.

வித்து வைத்த புதுப் பாகனை யானை மறுநாளே மிதித்துக் கொன்றது. மந்திரிப் பதவி மேல் கண் வைத்திருந்த காலிங்கராயர், “மந்திரி ஆவுடையப்பன்தான் யானைக்கு மருந்து வைத்தார்” என்று கோள் சொன்னார். ராஜாவாவது, விசாரிப்பதாவது!

“அவனை யானைக் காலால் இடறுங்கள்!” என்றான்.

ஆவுடையப்பனைக் கல்லோடு கட்டினார்கள். யானையைச் சங்கிலியில் இழுத்து வந்தார்கள்.  ஆனாலும் மந்திரியின் மூளை ஓய்வெடுக்கவில்லை.

“மன்னா, மிதிக்கச் சொல்ல ஒரு பாகன் வேண்டுமே? பிரதானியார் காதிலும் யானை வித்து இருக்கிறது. அவரே ஏவட்டும்.”

“அதுதானே! போம்!” என்றான் ராஜா.

மறுத்தால் வித்து பொய்யாகிவிடும். காலிங்கராயர் அங்குசத்தோடு போனார். “காது மடலுக்குப் பின்னே தொட்டால் நடக்கும்…” என்று ஒப்பித்துக்கொண்டே கையை நீட்டினார். யானை துதிக்கையால் அந்தக் கையை முகர்ந்தது. அங்குசம் விழுந்தது, பிரதானி சிம்மாசனத்துக்குப் பின்னால் கிடந்தார்.

“ஓடச் சொல்லியா கொடுத்தது உமது வித்து?”

“அசையாமல் நில் என்றுதான் சொன்னது, மகாராஜா. ஆனால் அதன் மூச்சு கையில் பட்டதே! அது வித்தில் இல்லை.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். நாவிதனை அழைத்து வித்தைக் கீறி எடுக்கச் சொல்லி, பிரதானிப் பட்டத்தையும் பறித்தான். மந்திரியின் கட்டை அவிழ்த்துத் தன் முத்துமாலையைப் போட்டான்.

“வேண்டியதைக் கேளும்!”

“பொம்மனைக் கேட்கிறேன், மன்னா. கொடுக்க முடியுமா?”

ராஜாவின் சிரிப்பு நின்றது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது.

அதற்குள் யானை சங்கிலியை அறுத்துக்கொண்டது. எல்லோரும் மதிலோரம் ஒதுங்கினார்கள். அது யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே கோட்டை வாசலுக்குப் போய், மேலே இருந்த தலையை நோக்கித் துதிக்கையைத் தூக்கியது. எட்டவில்லை. அங்கேயே நின்றது. அதைத் திரும்பக் கூப்பிட அந்த ராஜ்யத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.