பூவாத்தாவும் ஃபூஃபூ உருண்டையும்

ஒரு ஊர்ல ஒரு வீட்டுக்காரம்மா இருந்தாங்க. ஊரு திருப்பூரு, பனியன் தைக்கிற ஊரு. அந்தம்மா பேரு பூவாத்தா. அவங்களுக்கு அப்படி ஒரு கூச்சம். கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட கடைசிப் பந்தியில, ஓரத்து இலையில உட்கார்ந்து, யாரும் பாக்கறதுக்குள்ள தின்னுட்டு எந்திரிச்சுருவாங்க. ஓட்டல் பக்கம் போனதே கிடையாது. ம் சொல்லு சாமி.

ம்.

அவங்க வீட்டு முன்பக்கம் ஒரு சின்னக் கடை சும்மாக் கிடந்துச்சு. அதை வாடகைக்குக் கேட்டு ஒரு அக்கா வந்தாங்க. பேரு கெச்சி. ஆப்பிரிக்காவுல நைஜீரியான்னு ஒரு நாடு இருக்கு, அங்கிருந்து வந்தவங்க. பனியன் வாங்கறதுக்கு அந்த நாட்டு ஆளுங்க நிறையப் பேர் திருப்பூருக்கு வருவாங்க. அவங்களுக்கு அவங்க ஊர்ச் சாப்பாடு ஆக்கிப் போடணும்னு கெச்சிக்கு ஆசை. வீதி வீதியாக் கடை கேட்டு அலைஞ்சாங்க. போன இடமெல்லாம் படீர், படீர்னு கதவைச் சாத்தினாங்க. அப்புறம்தான் பூவாத்தாகிட்ட வந்தாங்க. பூவாத்தா அவங்க மூஞ்சியைப் பாத்தாங்க. "இருந்துக்க கண்ணு"ன்னு சொல்லிட்டாங்க.

அப்புறம் கெச்சி அடுப்பைப் பத்த வெச்சாங்க. கொழம்பு தளபுள தளபுளன்னு கொதிக்குது. உரல்ல ணங்கு ணங்குன்னு இடிக்கிற சத்தம். வாசம் கிளம்பி வீதி முனை வரைக்கும் போகுது. அந்த வாசம் வீதிக்கு ஆகல. சென்னியப்பன்னு ஒருத்தர், மாவு மில் வெச்சிருந்தவர், அக்கம்பக்கத்து ஆளுங்களைத் திரட்டிக்கிட்டு பூவாத்தா வாசலுக்கே வந்துட்டார்.

"ஏனுங்கக்கா, ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பொம்பளையைக் காலி பண்ணச் சொல்லுங்க. வாசம் தாங்கல."

"சுத்தமாத்தான் ஆக்கறா தம்பி."

"சுத்தமா இருந்தா நீங்க ஏன் ஒரு வாய் தின்னு பாக்கல? நீங்களே திங்காத சோத்தை விக்கிறதுக்கு எங்க வீதிதான் கிடைச்சுதா?"

பூவாத்தாவுக்குச் சுருக்குனு தைச்சுது. ஏன்னா அவரு கேட்டது நெசம். அவங்க ஒரு வாய்கூடத் தின்னு பாத்ததில்ல. திரும்பிப் பாத்தாங்க. கடைக்குள்ள கெச்சி கரண்டியைக் கையில பிடிச்சபடி அப்படியே நிக்கறாங்க. இந்தக் கடை போச்சுன்னா அவங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது.

"திங்கறேன்"னாங்க பூவாத்தா.

"ஒரு தட்டு முழுசா?"

"முழுசா."

"எங்க எல்லாரு முன்னாடியும்?"

ஐயோ, அதுதான் அவங்களுக்குப் பெரிய பயம்! ஆனாலும், "சரி, ஞாயித்துக்கிழமை வாங்க"ன்னாங்க.

"அப்படித் தின்னுட்டீங்கன்னா, இந்தக் கடையைப் பத்தி நாங்க வாயே திறக்க மாட்டோம்"னார் சென்னியப்பன்.

முழிச்சிருக்கியா?

ம்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. வீதியே கடை வாசல்ல நிக்குது. பூவாத்தா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கிட்டு நடு மேசையில போய் உட்கார்ந்தாங்க. எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருக்குது. ஆனா எந்திரிக்கல.

மொதல்ல ஒரு கிண்ணம் வந்துச்சு. ஆட்டுக்கறி போட்ட ரசம். அதுல கெச்சி ஊர்ல இருந்து கொண்டுவந்த ஏதோ கொட்டையை வறுத்து இடிச்சுப் போட்டிருக்காங்க. பூவாத்தா ஒரு மடக்குக் குடிச்சாங்க. ஸ்ஸ்ஸ்! மூக்குல தண்ணி, கண்ணுல தண்ணி. ஹச்! ஹச்! வாசல்ல ஒரே சிரிப்பு.

"அக்கா, தண்ணி கொண்டாரட்டுங்களா?"ன்னு சென்னியப்பன் நக்கல் பண்றார்.

பூவாத்தா கிண்ணத்தைத் தூக்கிக் கடகடன்னு குடிச்சு, கறியைத் தின்னு, எலும்பை உறிஞ்சி வெச்சுட்டு மூக்கைத் துடைச்சுக்கிட்டாங்க. ஒண்ணு ஆச்சு.

அப்புறம் ரெண்டாவது. பெரிய தட்டுல வெள்ளையா, வழுவழுன்னு ஒரு உருண்டை. ஃபூஃபூன்னு பேரு. குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளிக்கிழங்கு, அந்த மாவுல கிண்டினது. பக்கத்துலயே வெண்டைக்காய்க் கொழம்பு. அதைப் பாத்ததும் பூவாத்தா நீட்டின கையை இழுத்துக்கிட்டாங்க. ஏன் தெரியுமா? வழவழ, கொழகொழ! அவங்க வீட்ல வெண்டைக்காயை நறுக்கினா, அந்தக் கொழகொழப்பு போற வரைக்கும் வதக்கு வதக்குன்னு வதக்குவாங்க. இங்க என்னடான்னா, கரண்டியைத் தூக்கினா நூல் மாதிரி இழுக்குது!

அதனால கொழம்பைத் தொடாம, உருண்டையைப் பிச்சு வெறுமனே வாயில போட்டு மென்னாங்க. மென்னா... சப்பக். பல்லுல ஒட்டிக்கிச்சு. இன்னும் மென்னாங்க. மேல் அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. வாயைத் திறக்க முடியல. "ம்ம்! ம்ம்!"

"அக்காவுக்கு வாய் பூட்டிக்கிச்சு டோய்!"னு வாசல்ல ஒருத்தன் கத்தினான்.

அப்போ கெச்சி ஓடிவந்து மேசையைத் தட்டினாங்க. "அக்கா! பல்லு வேண்டாம்! மெல்லாதே! தொட்டு முழுங்கு!"

மெல்லாம முழுங்கணுமா? பூவாத்தாவுக்குச் சுரீர்னு உறைச்சுது. 'அட, இது களி! ராகிக் களியை யாராச்சும் மெல்லுவாங்களா?' விரலை விட்டு வாயில ஒட்டினதை வழிச்சாங்க. எத்தனை பேர் பாக்கறாங்கன்னு பாக்கல. தண்ணி குடிச்சு உள்ளே தள்ளினாங்க. ரெண்டு ஆச்சு.

மூணாவதுதான் கஷ்டம். களியை முழுங்கணும்னா கொழம்பு வேணும். அந்தக் கொழகொழக் கொழம்பு! பூவாத்தா உருண்டையில கொஞ்சம் பிச்சாங்க. கையாலயே உருட்டினாங்க. கட்டைவிரலால நடுவுல ஒரு குழி பண்ணினாங்க. கொழம்புல முக்கினாங்க. தூக்கினா நூல் வருது... வருது... தட்டுல இருந்து வாய் வரைக்கும் வருது. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க.

லபக்!

வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு! அந்தக் கொழகொழப்பு எதுக்குன்னு அப்போதான் புரிஞ்சுது. இன்னொண்ணு, லபக். இன்னொண்ணு, லபக். சிரிச்சவங்க எல்லாம் இப்போ எட்டி எட்டிப் பாக்கறாங்க. கடைசியில தட்டை விரலால வழிச்சு நக்கிட்டு, எல்லாருக்கும் தெரியற மாதிரி திருப்பிக் காட்டினாங்க. துளி மிச்சமில்ல.

சென்னியப்பனுக்கு மனசு ஆறல. "சரிங்கக்கா, தின்னுட்டீங்க. நெசமாச் சொல்லுங்க. பிடிச்சுதா, இல்ல வீம்புக்குத் தின்னீங்களா?"

கெச்சி பாக்கறாங்க. வீதியே பாக்குது. பிடிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆனா பூவாத்தாவுக்குப் பொய் வராது.

"ரசம் பிடிச்சுது. உருண்டை பிடிச்சுது. வெண்டைக்காய்க் கொழம்பு பிடிக்கல."

கெச்சி மூஞ்சி வாடிப்போச்சு.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!"ன்னு சென்னியப்பன் குதிக்கறார்.

அப்போ பூவாத்தா எந்திரிச்சு நின்னாங்க. "ஏந் தம்பி, உங்க வீட்டு விருந்துல ஊத்தின கொழம்பும்தான் எனக்குப் பிடிக்கல. அதுக்காக உங்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்னனா?"

கொல்லுனு சிரிப்பு! மத்தவங்களை விட ஜாஸ்தியாச் சிரிச்சது சென்னியப்பன் சம்சாரம்தான். "ஆமாங்கக்கா, அன்னிக்கு அவருதான் ஆக்கினாரு!" அவரு வாயை மூடினவர்தான். சொன்ன சொல்லுப்படி அப்புறம் திறக்கவே இல்ல.

கூட்டம் கலைஞ்சுது. கெச்சி இடுப்புல கை வெச்சு, பூவாத்தா முன்னாடி வந்து நின்னாங்க. "வெண்டைக்காய் பிடிக்கல?"

"பிடிக்கல கண்ணு."

"நாளைக்கு வேற கொழம்பு. நிலக்கடலைக் கொழம்பு. நீ வா."

பூவாத்தா கையைக் கழுவிக்கிட்டே, "வெளிச்சமா ஒரு மேசை பாத்துப் போடு, வர்றேன்"னாங்க.

ம் சொல்லு... சொல்ல மாட்டியா? சரி. கெச்சி அடுப்பை அணைச்சாச்சு, தட்டெல்லாம் கழுவியாச்சு, கதையும் ஆச்சு. தூங்கு சாமி.