மூன்று கம்பெனி, ஒரே கோல்

செம்மண்கோட்டையில் ஒரு பில்லியர்ட்ஸ் கிளப் இருந்தது என்று சொன்னால் செம்மண்கோட்டைக்காரர்களே நம்ப மாட்டார்கள். ஆனால் இருந்தது. ஒரு தலைவர், ஒரு செயலாளர், இரண்டு உறுப்பினர்கள், ஒரு மேசை. ஆட்டம் தெரிந்த ஆள்தான் இல்லை. அதை அவர்கள் ஒரு குறையாக நினைக்கவில்லை.

மலைமேல் இருந்த பழைய எஸ்டேட் பங்களாவை இடித்தபோது, அதன் முதலாளி இந்த மேசையை அடிவாரத்து ஊருக்கு என்று கொடுத்துவிட்டுப் போனார். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை. செம்மண்கோட்டை லாரி முந்திக்கொண்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாகைப்பட்டியின் லாரி வழியில் பஞ்சராகி நின்றது. அன்றிலிருந்து இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஏச்சுதான். கடைசியில், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் ஆடுவது, ஜெயிக்கிற ஊர் மேசையை வைத்துக்கொள்வது என்று முடிவானது.

வாகைப்பட்டிக்காக ஆடப்போகிறவன் துரைப்பழம். மதுரையில் இருந்த காலத்தில் இந்த ஆட்டத்தில் ஊறியவன். இந்தச் செய்தி வந்ததும் செம்மண்கோட்டை கிளப் அவசரமாகக் கூடியது.

தலைவர் ஆவுடையப்பன் மாவு மில் வைத்திருப்பவர். அவருடைய புருவத்திலும் மீசையிலும் எப்போதும் மாவு படிந்திருக்கும். பார்த்தால் ரொம்ப அனுபவசாலி மாதிரி தெரியும். அதைப் பார்த்துத்தான் தலைவராக்கினார்கள்.

"துரைப்பழம் நல்லா ஆடுதானாம். நாம என்ன செய்யலாம்?" என்றார்.

"நாமளும் ஆடிப் பழகலாம் அண்ணாச்சி," என்றான் இசக்கிப்பாண்டி. உறுப்பினர்களில் இளையவன்.

மற்ற மூவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"இங்க கெடக்க கோலைப் பாத்தியா?" என்றார் செயலாளர் கோமதிநாயகம். மேசையோடு வந்த, பந்தை அடிக்கிற கோல்கள் மழையில் நனைந்து வில்லாக வளைந்திருந்தன. "வளைஞ்ச கோலை வெச்சுப் பழகினா வளைஞ்ச ஆட்டந்தான் வரும். மொதல்ல கோலு. பொறவுதான் மத்ததெல்லாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஒசந்த விலையில வாங்க நமக்கு வசதி இல்ல," என்றார் ஆவுடையப்பன். "மட்டமா வாங்கினா நமக்கு மரியாதை இல்ல. நடுத்தரமா ஒண்ணு பாரும்."

கோமதிநாயகம் பார்க்க ஆரம்பித்தார். மளிகைக் கடையைத் திறந்து வைத்துவிட்டு, பருப்பு கேட்டு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு, செல்போனில் வீடியோ பார்த்தார். நடுத்தர விலையில் மூன்று கம்பெனி இருப்பதாகக் கண்டுபிடித்தார்: ராஜாளி, மகுடம், சூறாவளி. அடுத்த கூட்டத்தில் அறிக்கை கொடுத்தார்.

"ராஜாளிக் கோலை வாங்கினா நம்ம ஆட்டமே மாறிரும்னு ஒருத்தர் சொல்லுதாரு."

"என்னவா மாறும்?" என்று கேட்டார் சாலமோன். அவர் நான்காவது ஆள். தபால் ஆபீசில் வேலை. எதையும் ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்க்கிற சுபாவம்.

"அதைச் சொல்லல."

"கேரமா மாறிருச்சுன்னா? துரைப்பழம் பில்லியர்ட்ஸ் ஆடிக்கிட்டு இருப்பான். நாம காயினை வெச்சுக்கிட்டு நிக்கணும்."

"சரி, மகுடத்தைக் கேளும். கையில எடுத்தா கீழ வைக்க மனசே வராதாம்."

"சோறு எப்படித் திங்குறது?" என்றான் இசக்கிப்பாண்டி. பிறகு தானே யோசித்து, "எடது கையில பிடிச்சுக்கிடலாம்," என்று சமாதானமானான். அந்த நிமிடத்திலிருந்து அவன் மகுடம் கட்சி.

"சூறாவளியை எடுத்தா நாம பேச வேண்டாமாம். கோலே பேசுமாம்."

ஆவுடையப்பன் முகம் இறுகியது. "அது வேண்டாம். நம்ம கிளப் விசயத்தையெல்லாம் துரைப்பழத்துக்கிட்ட சொல்லிரும்."

"நல்லபடியா வெச்சுக்கிட்டா ஏன் சொல்லுது?" என்றார் சாலமோன். "நான் வீட்டுல தனியாத்தான் கெடக்கேன். ஒரு பேச்சுத்துணையா இருக்கும்."

இப்படியாக இசக்கிப்பாண்டி மகுடம், சாலமோன் சூறாவளி, வீடியோ பார்த்த கோமதிநாயகம் ராஜாளி என்று கிளப் பிரிந்தது. ஆடி மாதம் முழுவதும் இதே பேச்சு. சூறாவளியின் பிடியில் நூல் சுற்றியிருக்கிறதாம், ராஜாளியில் தோல். நூல்தான் வேர்வையை உறிஞ்சும் என்றார் சாலமோன். தோல் நம்முடைய தோலோடு ஒட்டும் என்றார் கோமதிநாயகம். இருவரும் இதற்காகக் கட்டிப்புரண்டு சண்டை போட்டதில் சாலமோனின் சட்டைப்பை கிழிந்தது. மேசைமேல் தூசி படிந்தது. ஒருவன் அதில் வத்தல் காயவைத்தான். அதை யாரும் தடுக்கவில்லை. ஆட்டத்துக்கு இன்னும் கோல் வரவில்லையே.

கடைசியில் நால்வரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, காஜா மைதீன் பாயின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். பாய் மூன்று கோலையும் எடுத்து வைத்தார்.

"இதுல எது நல்லது பாய்?" என்றார் ஆவுடையப்பன்.

"மூணும் ஒரே மாதிரிதான் அண்ணாச்சி. ஒட்டியிருக்கிற பேருதான் வேற."

"சரி. அதுல ரொம்ப ஒரே மாதிரி எது?"

பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். பல வருடமாகக் கடை நடத்துகிறவர். "நேரா இருக்கான்னு உருட்டிப் பாருங்க. நான் தொழுதுட்டு வந்திருதேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைக்குள் ஒரு மேசை இருந்தது. அதன்மேல் உருட்டச் சொன்னார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அவர்கள் கோல்களைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார்கள்.

சரிவின் உச்சியில் நின்று மூன்றையும் சேர்த்து உருட்டினார்கள். ராஜாளி ஓர் இளநீர் வண்டிக்கு அடியில் போய் நின்றது. மகுடம் சாக்கடையில் விழுந்தது. சூறாவளி ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததில், சேலை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பாம்பு என்று நினைத்து நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள்.

"சூறாவளிதான் ரொம்ப தூரம் போயிருக்கு," என்றார் சாலமோன்.

"சொன்ன எடத்துல நிக்குறதுதான் நல்ல கோலு. ராஜாளியைப் பாரும், நெழல்ல நிக்கி," என்றார் கோமதிநாயகம்.

இசக்கிப்பாண்டி மகுடத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்த பாய், கீறலும் சகதியுமாக இருந்த கோல்களைப் பார்த்துவிட்டு, மூன்றையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார். அவர்களுக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் எதை வைத்து ஆடுவது என்பதில்தான். கேட்டுக்கேட்டுப் பாயின் பொறுமை போய்விட்டது.

"மூணையும் ஒண்ணாச் சேத்து வெச்சுப் பாருங்க. உங்களுக்கே தெரிஞ்சிரும்," என்றார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, போகட்டும் என்று இன்னொரு யோசனையும் சொன்னார். "ஒவ்வொரு தடவை அடிக்கிறதுக்கு முன்னாடியும் முனையில சாக்கு போட்டுக்குங்க. இல்லேன்னா வழுக்கும்." முனையில் தேய்க்கிற சாக்கட்டியைத்தான் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் ஆசாரியை வரவழைத்து மூன்று கோலையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒன்றின் வால், அடுத்ததன் தலை என்று ஆணி வைத்து இறுக்கியதில், காவடி மாதிரியும் இல்லாமல் கொடிமரம் மாதிரியும் இல்லாமல் ஒன்று வந்தது. பாய் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. மூன்று கம்பெனிக்கும் மரியாதை, சண்டை தீர்ந்தது. சாலமோன் கிழிந்த சட்டைப்பையை மறந்து கோமதிநாயகத்தைக் கட்டிக்கொண்டார்.

கிளப் அறை சின்னது. கோல் உள்ளே நுழைந்தது, திரும்பவில்லை. ஒரு முனை மேசைமேல் இருந்தால் மறுமுனை ஜன்னல் வழியாகக் குறுகலான தெருவைத் தாண்டி எதிர்ச் சலூன் வாசலில் இருந்தது.

"கொஞ்சம் அறுத்திருவோமா?" என்றான் இசக்கிப்பாண்டி.

"புதுச் சாமான்ல கை வைக்கக்கூடாது," என்றார் ஆவுடையப்பன். "அடிக்கிற ஆளு வெளிய நிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை துரைப்பழம் நான்கைந்து பேரோடு ஒரு மினி லாரியில் வந்து இறங்கினான். கையில் பழைய கோல் ஒன்று. ஜன்னல் வழியாக நீண்டிருந்ததைப் பார்த்து, "கொடி கட்டப் போறீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டான். கிண்டலை ஆவுடையப்பன் கண்டுகொள்ளவில்லை. "நடுத்தர விலைதான்," என்றார் அடக்கமாக.

துரைப்பழம் ஆட்டத்தின் முறையைச் சொன்னான். பட்டை போட்ட பந்தெல்லாம் தனக்கு, முழு நிறப் பந்தெல்லாம் செம்மண்கோட்டைக்கு. கறுப்பு கடைசியில். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்துத்தான் மற்றதை நகர்த்த வேண்டும். பந்தைக் கையால் தொட்டால் தப்பாட்டம். எல்லாவற்றையும் சொன்னவன், குழியில் போடுகிறவன்தான் ஜெயிக்கிறான் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் குனிந்து அடித்தான். பட்டைப் பந்து ஒன்று குழியில் விழுந்தது. மறுபடி அடித்தான். இன்னொன்று விழுந்தது.

செம்மண்கோட்டையின் முறை வந்தபோது கோமதிநாயகம் அரிசி மூட்டைச் சாக்கு ஒன்றைக் கோலின் முனையில் மாட்டிச் சணலால் கட்டினார். சலூன் வாசலில் இசக்கிப்பாண்டி கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மேசை தெரியாது. ஜன்னலில் நின்ற சாலமோன் சொல்லச் சொல்ல அவன் நகர்த்தினான்.

"எடது பக்கம். இன்னும் கொஞ்சம். அது உன் எடது, என் எடது இல்ல."

"யாரு எடதுன்னு முன்னாடியே சொல்லணும்லா?"

ஒரு சைக்கிள்காரன் கோலுக்கு அடியில் குனிந்து போனான். இசக்கிப்பாண்டி பலம் கொண்ட மட்டும் குத்தினான். சாக்கு வெள்ளைப் பந்தின்மேல் போய் மெத்தென்று உட்கார்ந்தது. பந்து அசையவில்லை.

"நல்ல கோலு," என்றார் ஆவுடையப்பன். "சத்தமே இல்ல பாத்தீரா?"

இப்படியே ஆட்டம் போனது. துரைப்பழத்தின் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழியில் விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் செம்மண்கோட்டைக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். கடைசியில் கறுப்பையும் போட்டுவிட்டு அவன் கோலைச் சுவரில் சாய்த்தான்.

"முடிஞ்சுது அண்ணாச்சி. மேசையை எடுத்துக்கிடுதோம்."

ஆவுடையப்பன் அவன் தோளில் கை வைத்தார். "மனசு விடாதே தம்பி. ஒனக்கு நேரம் சரியில்ல."

துரைப்பழத்துக்குப் புரியவில்லை.

"ஒன் பந்து பூராவும் குழிக்குள்ள போயிருச்சு," என்று கோமதிநாயகம் விளக்கினார். "எங்க பந்து ஒண்ணாவது போச்சா? அம்புட்டும் மேசை மேலயே பத்திரமா இருக்கு. கோலு அப்படி."

"கறுப்பு ரெண்டு பேருக்கும் பொது. அதையும் தொலைச்சிட்டான்," என்றார் சாலமோன், மன்னிக்கிற குரலில்.

துரைப்பழம் நால்வர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்போ மேசை?" என்று மட்டும் கேட்டான்.

நால்வரும் மூலையில் கூடிப் பேசினார்கள். ஆவுடையப்பன் வந்து சொன்னார்: "எல்லாத்தையும் தொலைச்சவனை வெறுங்கையோட அனுப்பினா ஊருக்கு நல்லதில்ல. மேசையை நீங்க கொண்டுபோங்க. ஜெயிச்சது நாங்கன்னு மட்டும் ஒத்துக்கிடணும்."

"சத்தியமா நீங்கதான் அண்ணாச்சி," என்றான் துரைப்பழம்.

வாகைப்பட்டிக்காரர்கள் லாரியில் ஏற்ற மேசையைச் சாய்க்கப் போனார்கள். நால்வரும் பாய்ந்து தடுத்தார்கள். சாய்த்தால் செம்மண்கோட்டைப் பந்து குழியில் விழும். விழுந்தால் ஜெயித்தது என்ன ஆகும்? பந்தைக் கையில் எடுக்கவும் முடியாது, துரைப்பழமே சொல்லியிருக்கிறான். அதனால் நால்வரும் ஆளுக்கொரு கால் பிடித்து, மேசையை மட்டம் குலையாமல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உள்ளே கற்பலகை வைக்காத, வெறும் மரப்பலகை மேசைதான் என்றாலும் கனம் கனம்தான். முன்னால் லாரி மேசை இல்லாமல் போனது. வாகைப்பட்டிக்காரர்கள் அதில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு போனார்கள். ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்த ஆட்டு மந்தைக்கு ஒதுங்கும்போது ஒரு சிவப்புப் பந்து குழியின் விளிம்பு வரை உருண்டு போய் நின்றது. கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார். பந்து விழவில்லை.

வாகைப்பட்டி கிளப்பில் மேசையை இறக்கி வைத்தபோது நால்வருக்கும் தோள் கழன்றிருந்தது. ஒரு பந்துகூடக் குறையவில்லை.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. போயிட்டு வாங்க," என்றான் துரைப்பழம்.

ஆவுடையப்பன் நகரவில்லை. "நாங்க போனதும் யாராவது எங்க பந்தைக் குழிக்குள்ள தள்ளிட்டா?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதனால் அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மாவு மில் பூட்டிக் கிடக்கிறது. தபால்கள் தேங்கிக் கிடக்கின்றன. வாகைப்பட்டியில் இதுவரை ஒருவனாலும் அந்த மேசையில் ஓர் ஆட்டம் ஆட முடியவில்லை. மேசைக்கு ஆறு குழி. ஆவுடையப்பன், கோமதிநாயகம், இசக்கிப்பாண்டி மூவரும் ஆளுக்கு இரண்டு கையாக ஆறையும் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். சாலமோன் மூவருக்கும் டீயை ஆற்றி ஆற்றி வாயில் ஊற்றிவிடுகிறார்.