பன்னிரண்டு சிறகுப் பறவை

அந்தக் காட்டில் ஒரே ஒரு குளம். இரண்டு வருஷமாக மழை இல்லை. தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றிவிட்டது. அடுத்த தண்ணீர் எந்தத் திசையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சுற்றிலும் மலைகள். அவற்றுக்கு மேலே உயர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அங்கே உழவாரன் என்றொரு சின்னக் குருவி இருந்தது. அம்பாகப் பறக்கும். ஆனால் அவ்வளவு உயரம் தானே ஏறுவதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடும்.

பெருநாரைக்குப் பலம் உண்டு, ஆனால் பாதி மலைக்கு மேல் ஏற வராது. ஒரு நாள் குருவி அதனிடம் கேட்டது: "அண்ணே! என்னை முதுகுல வச்சுப் பாதி உயரம் தூக்கிட்டுப் போறீங்களா? அங்கேருந்து நான் பாஞ்சு மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்!"

"நீ என்ன பெரிய பாரமா? ஏறு, இப்பவே போகலாம்!"

"இன்னைக்குத் தண்ணி கண்ணுல படலேன்னா நாளைக்கும் போகலாம் அண்ணே!"

குறுக்கே வந்தது கரடி. அதுதான் காட்டுச் சபையின் தலைவர். "சபையைக் கேக்காம யாரு பறக்கிறது? முதல்ல எப்படிப் போறதுன்னு படம் போடுங்க!"

முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைப் பிடுங்கிக் கரைச் சேற்றில் வரைந்தது. நாரை, அதன் முதுகில் குருவி. நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு குருவிதானா? பத்துக் குருவியாவது போகணும்! நம்ம காட்டோட மரியாதை என்ன ஆகிறது?" என்றது கரடி.

"பத்தைச் சுமக்க என்னால ஆகாதுங்க" என்றது நாரை.

"அப்போ உன்னைவிடப் பெரிய பறவை வேணும்!"

"அப்படி ஒண்ணு எங்கேங்க இருக்கு?"

"வரைவோம்!"

வரைந்தார்கள். முதல் வாரம் ஆறு சிறகுப் பறவை. அடுத்த வாரம் உடம்பு இரண்டு, சிறகு பன்னிரண்டு. குளம் வற்ற வற்றச் சேறு அகன்றது, படம் போட இடம் தாராளமாகக் கிடைத்தது. சபையில் ஒரே கைதட்டல். அழுவதா சிரிப்பதா என்று கதை சொல்லும் எனக்கே தெரியவில்லை.

உழவாரன் தினமும் வந்து கெஞ்சியது. "ஒரே ஒரு தடவை விடுங்க! அண்ணன் தெம்பா இருக்கும்போதே போயிட்டு வந்துடறோம்!"

"அவசரக்குடுக்கை! இங்கே பெரிய வேலை நடக்குது, சும்மா இரு!" என்றது கரடி.

நாரையும் சபைக்குப் பயந்து கிளம்பவில்லை.

கடைசியில் குளத்து மீனெல்லாம் தீர்ந்தது. இரை இல்லாமல் பத்தே நாளில் நாரை எலும்பும் தோலுமானது. அப்போதுதான் கரடி ஓடி வந்தது. அதற்கே தொண்டை வறண்டிருந்தது.

"படம் போதும்! ஒரு குருவியே போகட்டும்! கிளம்புங்க!"

உழவாரன் முதுகில் ஏறியது. நாரை சிறகை விரித்து ஓடியது. நாலு எட்டு வைத்ததும் கால் மடங்கி விழுந்தது.

"அண்ணே, எழுந்திருங்க! இன்னொரு தடவை!"

"முடியலடா தம்பி. போன மாசம் விட்டிருந்தாங்கன்னா நீ கேட்ட உயரத்துக்குத் தூக்கியிருப்பேன்" என்றது நாரை. அதோடு அதன் மூச்சு நின்றது.

உழவாரன் அழுதுகொண்டே தனியாகக் கிளம்பியது. பாதி மலை உயரத்தில் மூச்சு முட்டிப் பாறையில் விழுந்து செத்தது.

மிச்சமிருந்த விலங்குகள் குத்துமதிப்பாக மேற்கே நடந்தன. தண்ணீர் இருந்ததோ கிழக்கே, இரண்டே மலைக்கு அப்பால். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இன்று பறக்கக்கூடியதைப் பறக்க விடாமல், இல்லாத பெரியதை வரைந்துகொண்டே இருப்பவர்கள் இருப்பதையும் இழப்பார்கள்.